கறுப்புக் குழாயில் பத்திரமான இணைப்பு: மூடுவதற்கு முன் பார்ப்போம்



ஊருக்கு ஊர் தெருவைத் தோண்டிக் கறுப்புக் குழாய் பதிக்கிறார்கள். வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். அதற்கப்புறம் இணைப்பை எப்படிப் போட்டார்கள் என்று யாராலும் பார்க்க முடியாது. எனவே மூடுவதற்கு முன்பே எதைப் பார்க்கணும், என்ன கேட்கணும் என்பதை இந்த மாதப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

இது நமக்கு எதற்கு?

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் நோக்கம், கிராமத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் இணைப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர். ஊர்க் குடிநீர்க் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று அதன் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே வேலையைப் பார்த்துக் கேள்வி கேட்பது நம் உரிமை, நம் பொறுப்பும்கூட.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மண்ணுக்குள் ஒரு இணைப்பு கசிகிறது. 10 நிமிடத்தில் ஒரு 15 லிட்டர் குடம் நிறையும் அளவுக் கசிவு என்று வைத்துக்கொள்வோம். குழாயில் தண்ணீர் எந்நேரமும் நின்றால் மணிக்கு 90 லிட்டர், ஒரு நாளைக்கு 2160 லிட்டர் வீணாகும். அது 39 பேருடைய ஒரு நாள் தண்ணீர்!

தண்ணீர் வீணாவது ஒரு பக்கம். நம் பக்கம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுகிற ஊர்கள் நிறைய. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகி உள்ளிழுக்கும். கசிகிற இடத்துக்குப் பக்கத்தில் சாக்கடை ஓடினால் அந்த அழுக்கு உள்ளே போகும். மறுநாள் அதுதான் நம் குடத்தில் விழும். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவதற்கு இதுவும் ஒரு வழி.

கறுப்புக் குழாய் ஏன்?

திருமங்கலம், டி.கல்லுப்பட்டி பக்கத்துக் கரிசல் மண்ணைப் பாருங்கள். மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மண் அசைகிற இடத்தில் விறைப்பான குழாய் விரிசல் விடும். பாலிஎத்திலீன் என்ற பொருளால் ஆன கறுப்புக் குழாய் வளைந்து கொடுக்கும், துருப்பிடிக்காது. குடிநீர்க் குழாயில் நீலக் கோடும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 4984 என்ற எண்ணும் இருக்கா என்று பாருங்கள்.

"பி.வி.சி. குழாய் மாதிரி பசை தடவி ஒட்டினால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. இந்தக் குழாயில் எந்தப் பசையும் பிடிக்காது. உருக்கித்தான் ஒன்றாக்க வேண்டும்.

மின் உருக்கு இணைப்பு எப்படி வேலை செய்கிறது?

இதை 'எலக்ட்ரோ ஃப்யூஷன்' என்பார்கள். 'கப்ளர்' என்ற வளையத்துக்குள் மெல்லிய கம்பிச்சுருள் இருக்கும். இரண்டு குழாய் முனைகளையும் அதற்குள் சொருகி, மிஷினிலிருந்து மின்சாரம் கொடுப்பார்கள். இஸ்திரிப்பெட்டிக் கம்பி மாதிரி சுருள் சூடேறும். குழாயின் மேல்புறமும் வளையத்தின் உள்புறமும் உருகி ஒன்றாகக் கலக்கும். ஆறியதும் இரண்டும் ஒரே பொருளாகிவிடும்.

வேலை நடக்கும்போது வரிசையாகப் பாருங்கள்

1. நேராக வெட்டுதல்: முனை கோணலாக இருந்தால் உள்ளே இடைவெளி விழும். உருகியது அந்த வழியே ஒழுகிவிடும்.

2. அளவுக் கோடு: குழாய் எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்று குறிக்க வேண்டும்.

3. சுரண்டுதல்: இதுதான் உயிர்நாடி. வெயிலும் காற்றும் பட்ட மேல்தோல் உருகினாலும் ஒட்டாது. அதற்கென உள்ள சுரண்டியால் ஏறக்குறைய 0.2 மி.மீ. கனத்துக்குச் சுற்றிலும் சீவ வேண்டும். சீவும் முன் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடச் சொல்லுங்கள். சீவிய பின் மை எங்கும் மிஞ்சக் கூடாது. உப்புத்தாள் தேய்ப்பது சீவியதாகாது.

4. துடைத்தல்: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். அப்புறம் கை படக் கூடாது. பழந்துணியோ முந்தானையோ வேண்டாம்.

5. பிடிமானம்: கிளாம்ப் போட்டு அசையாமல் நிறுத்த வேண்டும். சுருளாக வந்த குழாய் முட்டை வடிவமாக இருக்கும். அதை வட்டமாக்கும் கிளாம்பும் தேவை.

6. உருக்குதல்: கப்ளர் மேலுள்ள பார்கோடைப் படித்து, எத்தனை விநாடி என்று மிஷின் எடுத்துக்கொள்ளும். காற்றின் வெப்பத்துக்கு ஏற்ப நேரத்தையும் மாற்றும். குழாய் வெயிலிலும் மிஷின் நிழலிலும் இருந்தால் கணக்குத் தப்பும். கத்திரி வெயிலில் காலை வேளையிலோ, பந்தல் நிழலிலோ செய்யச் சொல்லுங்கள்.

7. ஆறவிடுதல்: கப்ளரில் எழுதிய நேரம் முழுவதும் கிளாம்பைக் கழற்றக் கூடாது, ஆட்டக் கூடாது, தண்ணீர் ஊற்றி ஆற்றவும் கூடாது.

கப்ளரில் சிறு முளை மேலெழுந்தால் சூடேறியது என்று அர்த்தம். ஆனால் சுரண்டினார்களா, துடைத்தார்களா என்று அந்த முளை சொல்லாது. அதனால்தான் கண்ணால் பார்க்கணும்.

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் உருக்கவே கூடாது. ஈரம் ஆவியாகிக் குமிழி விடும். பாதியில் கரண்ட் போனால் அந்த இணைப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புது கப்ளர் போடுவதுதான் நல்லது. மேலே எம்சீல் பூசுவதும், டியூப்பைக் கிழித்துக் கட்டுவதும் பழுது பார்ப்பதாகாது.

உயிருக்குப் பாதுகாப்பு

* மிஷினுக்கு வருவது வீட்டு மின்சாரம்தான். குழியில் தண்ணீர் நின்றால் முதலில் இறைத்துவிட வேண்டும். ஒயர் தோல் உரிந்திருக்கக் கூடாது, எர்த் கட்டாயம்.
* ஜெனரேட்டரைக் குழிக்குள் வைக்கக் கூடாது. அதன் புகை மணமில்லாமலே ஆளைக் கொல்லும்.
* உருகும்போது கப்ளர் மேல் யாரும் குனியக் கூடாது. உருகிய பிளாஸ்டிக் தெறித்தால் சதையில் ஒட்டிக்கொள்ளும். பட்டுவிட்டால் பிய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
* ஆழக் குழியில் பக்கச் சுவருக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் ஆள் இறங்கக் கூடாது.
* சோதனைக்குத் தண்ணீரைத்தான் ஏற்ற வேண்டும். காற்றை ஏற்றினால் குழாய் வெடித்துச் சிதறும்.
* தோண்டும்போது மஞ்சள் நிறக் குழாய் தென்பட்டால் அது எரிவாயுவாக இருக்கலாம். வேலையை நிறுத்தி, பிள்ளைகளை விலக்கி, உரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

குழுவில் செய்ய வேண்டியது

குழாய் வேலை நடக்கும் நாளில் முறை வைத்து இரண்டு உறுப்பினர்கள் போய் நில்லுங்கள். இணைப்பு எண், தேதி, இடம், உருக்கிய நேரம், ஆறவிட்ட நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். அழுத்தச் சோதனை முடியாமல் மண் மூட விடாதீர்கள். இந்தப் பதிவேட்டை உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 கிராம சபையில் படித்துக் காட்டி, குறை இருந்தால் தீர்மானமாக எழுத வையுங்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் ஊரில் எந்தெந்த இடத்தில் குழாய் கசிகிறது? அங்கே சாக்கடை எவ்வளவு தூரம்?
2. குடிநீர்க் குழுவில் நம் குழுவிலிருந்து யார் இருக்கிறார்கள்?
3. சுரண்டாமல் போட்ட இணைப்பைப் பார்த்தால் யாரிடம், எப்படிச் சொல்வோம்?

வெளியாட்கள் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போவது நாம்தான். நின்று பார்ப்போம், கேட்போம், எழுதி வைப்போம்!