குரல் கம்மலும் குரல்வளை நரம்பும்

குரல் நாண்களை அசைக்கும் நரம்பு, மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் கிளை. அது நேராகத் தொண்டைக்குப் போவதில்லை. இடப்பக்கக் கிளை நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றி, மூச்சுக்குழாயை ஒட்டி மேலேறிக் குரல்வளையை அடைகிறது. வலப்பக்கக் கிளை கழுத்தின் அடியிலேயே ஒரு தமனியைச் சுற்றித் திரும்பிவிடுகிறது. இரண்டும் தைராய்டுக்குப் பின்புறமாகச் செல்வதால் தைராய்டு அறுவையில் அவற்றுக்குக் காயம் நேரலாம். நெஞ்சில் வளரும் கட்டி முதலில் குரலில் தெரிவதற்கும் இந்தச் சுற்றுவழிதான் காரணம். வைரஸ் தொற்றாலும் பாதிப்பு வரும். சிலருக்குக் காரணம் பிடிபடாமலே போகும்.

நரம்பு செயலிழந்தால் அந்தப் பக்க நாண் அசையாது. நாண்கள் நடுவில் சேராததால் காற்று ஒழுகும். தென்காசிப் பேருந்தில் "பாவூர்சத்திரம், ஆலங்குளம், திருநெல்வேலி" என்று ஒரே மூச்சில் கூவும் நடத்துநருக்கு இது வந்தால், ஆலங்குளம் வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். விழுங்குவதிலும் சிக்கல் வரும்: கஞ்சி சிரமமின்றி இறங்கும். ஒரு மடக்குத் தண்ணீருக்குப் புரையேறும்.

குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். அந்த நாட்களில் குரல் கம்மினால் அருவிக் குளியலின் மேல் பழிபோட்டு, மிளகுப் பாலும் பனங்கற்கண்டுமாக நாளைக் கடத்துவது வழக்கம். சளிக் கம்மல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தெளியும். நான்கு வாரம் தாண்டினால் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும். புகைபிடிப்பவர்களும், கழுத்தில் கட்டி உள்ளவர்களும், அண்மையில் கழுத்திலோ நெஞ்சிலோ அறுவை செய்துகொண்டவர்களும் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. மூச்சை இழுக்கும்போது சீறல் கேட்டால் இரு நாண்களுமே அசையாமல் இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

தென்காசியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தொடங்கலாம். மேல்சிகிச்சைக்குச் சுமார் 55 கிலோமீட்டரில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மூக்கு வழியே மெல்லிய கேமரா குழாயை விட்டு, நோயாளியை "ஈ" என்று சொல்லச் சொல்வார்கள். எந்த நாண் நிற்கிறது என்பது திரையில் அப்போதே தெரிந்துவிடும். காரணம் தெரியாவிட்டால் மண்டையின் அடியிலிருந்து நெஞ்சு வரை சி.டி. ஸ்கேன் தேவைப்படும். அறுவை செய்துகொண்டவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே வாக்கியத்தைச் செல்போனில் பேசிப் பதிவு செய்து வைத்தால், குரல் தேறுகிறதா என்பதை மருத்துவரே காதால் கேட்டு அறியலாம்.

நரம்பு அறுபடாமல் நசுங்கியிருந்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தானே மீளக்கூடும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சி உதவும். பாதித்த பக்கம் தலையைத் திருப்பி விழுங்கினால் பலருக்குப் புரையேறுவது குறையும். நாணுக்குள் ஊசி மருந்து செலுத்தி அதை நடுவுக்குத் தள்ளவும் முடியும். மீளாதவர்களுக்கு, ஜப்பானிய மருத்துவர் இஷிக்கி 1974-இல் வெளியிட்ட தைரோபிளாஸ்டி, அதாவது நாணை நடுவுக்குத் தள்ளி நிறுத்தும் அறுவை, நிரந்தரத் தீர்வு தருகிறது.

தைராய்டு அறுவைக்கு நாள் குறித்தவர்கள் அதற்கு முன்பே குரல்வளையைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஒரு பக்க நாண் ஏற்கெனவே நின்றிருந்தால், மறுபக்க நரம்பைக் காப்பதில் மருத்துவர் கூடுதல் கவனம் செலுத்துவார்.