கைப்பேசியை எப்போது மாற்றலாம்?

புதிய கைப்பேசி ஒன்று கடைக்கு வந்தவுடன் நம் கையிலிருப்பது பழையதாகத் தோன்றிவிடுகிறது. உண்மையில் கருவி பழுதுற்றதா, நம் உள்ளந்தான் சலிப்புற்றதா? ஆசையை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுக் கணக்கால் இதனை ஆராய்வோம்.

எங்கள் ஊராகிய கோலார் தங்கவயலின் வரலாற்றில் இதற்கொரு பாடம் உண்டு. தொடக்கத்தில் அங்குச் சுரங்க எந்திரங்கள் நீராவியால் இயங்கின. 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி வழியே மின்சாரம் வந்தது. புதுமை என்பதற்காகச் சுரங்கத்தார் அதனை ஏற்கவில்லை. ஆழம் கூடக் கூட நீரை இறைக்கவும் பாறையை மேலேற்றவும் வேண்டிய ஆற்றல் பெருகிற்று. எரிபொருட் செலவோ மிகுதி. தேவை முன்னே சென்றது. கருவி பின்னே வந்தது. நாமும் அம்முறையில் மூன்று கேள்விகள் கேட்போம்.

முதலாவது: எந்த வேலை தடைப்படுகிறது? மின்னூட்டம் ஒரு நாள்கூட நிற்கவில்லையெனில் குறை பெரும்பாலும் மின்கலத்தில்தான். லித்தியம் அயனி மின்கலத்தை ஏறத்தாழ 500 முறை முழுமையாக ஏற்றி இறக்கினால், பொதுவாக அதன் கொள்ளளவு 80 விழுக்காட்டளவுக்குக் குறையும். லித்தியத்தின் ஒரு பகுதி மின்வாயின்மேல் படலமாய்ப் படிந்து பயனற்றுப் போவது இதற்கு முக்கிய காரணம். மின்கலத்தை மட்டும் மாற்றினால் போதும். மந்தமான பழைய மடிக்கணினியில் சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால் வேகம் மீளும்.

இரண்டாவது: பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருகின்றனவா? அவை நின்றுவிட்ட கருவியில் வங்கிக் கணக்கைக் கையாள்வது, பூட்டில்லாப் பெட்டியில் பணம் வைப்பதற்கு ஒப்பாகும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அத்தகைய கணினியில் லினக்ஸ் ஏற்றிப் பார்க்கலாம். கைப்பேசியில் அவ்வழி எளிதன்று, மாற்றுவதே தக்கது.

மூன்றாவது: மாதம் என்ன செலவாகிறது? 15,000 ரூபாய்க் கைப்பேசியை 2 ஆண்டில் மாற்றினால் மாதம் 625 ரூபாய். 5 ஆண்டு வைத்திருந்தால் 250 ரூபாய். ஆண்டுக்கு 4,500 ரூபாய் மிச்சம். இடையே ஒரு மின்கலம் வாங்கினாலும் ஆதாயமே. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின், நாள்தோறும் மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து மீள்வோர் எங்கள் ஊரில் பலர். அத்தகைய ஒரு வீட்டின் வருவாயில் படிக்கும் எனக்கு இது சிறு தொகையன்று.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கைப்பேசியில் சுமார் 0.03 கிராம் பொன் இருக்கிறது. சுரங்கம் மூடப்பட்ட காலத்தில் ஒரு டன் பாறைக்கு ஏறத்தாழ 3 கிராம் பொன்னே கிடைத்தது. அக்கணக்கில், ஒரு கைப்பேசிக்கு 10 கிலோ பாறையைத் தோண்டியெடுத்து, பொடித்து, சயனைடுக் கரைசலில் பொன்னைப் பிரிக்க வேண்டும். பொன் வெளியூர் போயிற்று. பாறைத்தூள் இன்றும் எங்கள் ஊரில் குன்றுகளாய் நிற்கிறது. காற்று வீசும் நாளில் அத்தூசு வீட்டுக்குள்ளும் வருகிறது.

ஆகவே, தேவை மெய்யானால் தயங்காமல் மாற்றுங்கள். பழையதைக் குப்பையில் எறியாமல், பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேருங்கள். அதிலுள்ள பொன் அடுத்த கருவிக்கு உதவட்டும். அந்த அளவுக்கேனும் புதிய பாறை தோண்டப்படாதிருக்கட்டும்.