ஐந்நூறு ரூபாயில் பாதுகாப்பு: எட்டாம் வகுப்பில் ஒரு செயல்திட்டம்

எங்கள் பள்ளிக் குழந்தைகள் பலரின் வீடுகளில் பெற்றோர் இருவரும் பகலில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீடு பூட்டியே கிடக்கும். சிலர் சிறு கடை வைத்திருக்கிறார்கள். கேமரா வாங்கி மாட்டும் வசதி அவர்களுக்கு இல்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவியின் அப்பா நடத்தும் பெட்டிக்கடையில் திருட்டு நடந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. கொண்டியின் திருகாணிகளைக் கழற்றிக் கதவைத் திறந்திருந்தார்கள். "நல்ல பூட்டுதானே சார், அப்புறம் எப்படி?" என்று அந்த மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியை வைத்தே கணக்கையும் அறிவியலையும் இணைத்து ஒரு வாரச் செயல்திட்டம் அமைத்தேன்.

வீட்டைப் பார்த்தல்

முதல் நாள் நான்கு கேள்விகள் கொடுத்தேன்.

1. கதவைப் பூட்டிய பிறகு, கொண்டியின் திருகாணித் தலை வெளியே தெரிகிறதா?
2. பின்கதவின் தாழ்ப்பாள் முன்கதவினுடையதைப் போல உறுதியாக உள்ளதா?
3. இரவில் வீட்டைச் சுற்றி எந்த மூலை இருட்டாக இருக்கிறது?
4. சாவியை எங்கே வைத்துவிட்டுப் போகிறோம்?

விடைகளை வகுப்பில் சொல்லவோ எழுதி ஒட்டவோ கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டின் பலவீனம் அந்த வீட்டாருக்கு மட்டுமே தெரிய வேண்டும். வகுப்பில் கலந்துரையாட, கரும்பலகையில் ஒரு கற்பனை வீட்டின் வரைபடத்தை வரைந்துகொண்டேன்.

எண் பூட்டின் கணக்கு

மூன்று சக்கரங்கள் கொண்ட சைக்கிள் பூட்டை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு சக்கரத்திலும் 10 எண்கள். எனவே 10 × 10 × 10 = 1,000 சேர்க்கைகள். ஒரு முயற்சிக்கு 2 விநாடி என்றால் எல்லாவற்றையும் முயல 2,000 விநாடி, அதாவது ஏறத்தாழ 33 நிமிடம் ஆகும். நான்கு சக்கரப் பூட்டுக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அடுத்து, "பூட்டிய பிறகு ஒரு சக்கரத்தை மட்டும் நகர்த்திவிட்டுப் போனால்?" என்று கேட்டேன். சக்கரத்துக்கு 9 என மொத்தம் 27 முயற்சிகள். 54 விநாடியில் திறந்துவிடும். மறுநாள் முதல் பிள்ளைகள் எல்லாச் சக்கரங்களையும் கலைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள்.

கதவு மணி

துணி மாட்டும் கிளிப், அலுமினியத் தாள், 9 வோல்ட் மின்கலம், பஸ்ஸர், வயர் இவை போதும். கிளிப்பின் இரு வாய்ப் பகுதியிலும் அலுமினியத் தாளைச் சுற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு வயரை இணைக்க வேண்டும். இடையே ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகி, அட்டையை நூலால் கதவில் கட்ட வேண்டும். கிளிப் நிலையில் அசையாமல் இருக்கட்டும். கதவு திறந்தால் அட்டை விலகும், சுற்று மூடும், பஸ்ஸர் ஒலிக்கும்.

"வயரை அறுத்துவிட்டால், சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். இந்தச் செயல்பாட்டில் நாம் எதிர்பார்த்திருக்க வேண்டிய கேள்வி அதுதான். பெரும்பாலான கடை அலாரங்களில் கதவுச் சுற்றில் எப்போதும் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்; அது தடைபட்டால்தான் மணி அடிக்கும். அங்கே வயரை அறுப்பவர் தாமே மணியை அடித்துவிடுகிறார். திறந்த சுற்று, மூடிய சுற்று ஆகியவற்றின் வேறுபாடு இந்த ஒரு கேள்வியில் பிள்ளைகளுக்குத் தெளிவாகிவிட்டது.

எதை முதலில் வாங்குவது?

கடைசி நாள் ஒவ்வொரு குழுவுக்கும் கற்பனையாக 500 ரூபாய். உள்ளூர்க் கடையில் விலை கேட்டு வந்து பட்டியல் போட வேண்டும். காசு செலவில்லாதவற்றை முதலில் எழுதச் சொன்னேன். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்காமல் இருப்பது, இரவில் கல்லாப் பெட்டியைக் காலி செய்து திறந்தே வைப்பது, கைபேசியில் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்து வைப்பது ஆகியவை இதில் வந்தன.

அடுத்து கொண்டி. திருகாணிக்குப் பதிலாகக் கதவை ஊடுருவும் போல்ட்டைப் போட்டு உள்பக்கம் நட்டால் இறுக்கலாம். பிறகு விளக்கு. 9 வாட் எல்இடி பல்பு இரவில் 10 மணி நேரம் எரிந்தால் 30 நாளுக்கு 2.7 யூனிட், 60 வாட் குண்டு பல்புக்கு 18 யூனிட். இதையும் பிள்ளைகளே கணக்கிட்டார்கள். மீதிப் பணத்தில் பூட்டு. பூட்டின் மேல் பொறித்திருக்கும் லீவர் எண்ணிக்கையைப் பார்த்து வாங்க வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப் பற்றி இங்கே பேசலாம்.

விலை உயர்ந்த பூட்டை வாங்கி ஆடும் கொண்டியில் மாட்டிய குழுவுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் உடனே வெளியேற வழி உண்டா என்ற கேள்விக்கும் தனி மதிப்பெண் உண்டு.

திருடுவதற்கு வழி சொல்லித் தருகிறோமோ என்று சக ஆசிரியர் ஒருவர் தயங்கினார். திருடுபவருக்கு இவையெல்லாம் முன்பே தெரியும். தெரியாமல் இருப்பது வீட்டுக்காரருக்குத்தான். செயல்திட்டம் முடிந்த பிறகு, பெற்றோர் சிலர் கொண்டியை மாற்றிவிட்டதாகச் சொல்லிச் சென்றார்கள். உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். பள்ளிக் கணினி அறையின் கதவிலிருந்தே தொடங்கலாம்.