பீட்சா அடுப்பில் விறகு எதைச் சூடாக்குகிறது?

தோட்டத்திலோ பண்ணை வீட்டிலோ சொந்தமாக ஒரு விறகு பீட்சா அடுப்பு கட்டும் ஆசை நம் ஊரிலும் பரவிவிட்டது. யூடியூபைப் பார்த்து, தெரிந்த கொத்தனாரைக் கூட்டிவந்து, அழகான கும்மட்டம் ஒன்றை எழுப்பிவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் விறகு எரிந்த பிறகு பீட்சா வெளியே வருகிறது. மேலே சீஸ் கருகியிருக்கிறது, அடியில் மாவு வெள்ளையாக நொளநொளவென்று கிடக்கிறது. பழி மாவின் மேலோ விறகின் மேலோ விழுகிறது. கோளாறு பெரும்பாலும் தளக் கல்லுக்கு அடியில் இருக்கிறது.

“சூடு மேலேதான் ஏறும், அடியில் காப்பு எதற்கு?”

இவ்வளவு விறகை வீணாக்கும் நம்பிக்கை வேறில்லை. மேலே ஏறுவது சூடான காற்று. கல்லுக்குள் இறங்கிய வெப்பம் மேல் கீழ் பார்ப்பதில்லை. எந்தப் பக்கம் குளிர்ச்சியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். அடுப்பின் தளத்தை நேராகக் கான்கிரீட் மேடை மேல் பதித்தால், மேடை முழுவதையும் சூடாக்கிய பிறகுதான் தளம் சூடாகும். முதல் பீட்சா ஓரளவு வரும், இரண்டாவது ஒட்டும், மூன்றாவதற்குள் தளம் ஆறிவிடும். கும்மட்டம் மட்டும் தீயின் நேர்ச்சூட்டில் தகித்துக்கொண்டிருக்கும். மேலே கருகி அடியில் வேகாமல் போவது இதனால்தான்.

சிலர் மணலைக் கொட்டி அதன் மேல் கல் பாவுகிறார்கள். நேப்பிள்ஸின் பழைய அடுப்புகளிலும் அடியில் மணல் உண்டு என்பது உண்மை. ஆனால் அவை தினமும், நாள் முழுக்க எரியும் கடை அடுப்புகள். முழுசாக ஆறுவதே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை மூட்டும் வீட்டு அடுப்பில் அந்த மணலும் சூட்டைக் குடிக்கும் இன்னொரு பாரம்தான். சூட்டைத் தடுப்பது சிறு சிறு அறைகளில் அடைபட்ட காற்று. அப்படிக் காற்றை அடைத்துவைத்திருக்கும், மாடித் தோட்டத்துக்காக விற்கும் பெர்லைட் அல்லது வெர்மிகுலைட்டை வாங்கி, ஐந்து பங்குக்கு ஒரு பங்கு சிமென்ட் சேர்த்து, 10 செ.மீ. கனத்துக்குப் போட்டால் போதும். சாதாரணக் கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான் அது கடத்தும். அதன் மேல் ஃபயர்கிளே என்ற சூடு தாங்கும் களிமண்ணும் மணலும் கலந்து மெல்லிசாகப் பரப்பி, சூடு தாங்கும் செங்கல்லான ஃபயர் பிரிக்கைக் கலவை வைக்காமல் நெருக்கிப் பாவ வேண்டும். கலவை இல்லாததால் கல் விரிந்து சுருங்க இடம் கிடைக்கும், நாளைக்கு ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

“தளத்துக்கு இரும்புத் தகடோ கிரானைட்டோ போட்டால் சீக்கிரம் வேகும்”

2018இல் ஆந்த்ரேய் வர்லாமோவ், ஆந்த்ரேயாஸ் கிளாட்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்களும் செர்ஜியோ கிராஸ்ஸோ என்ற உணவு மானுடவியலாளரும் பீட்சா சுடுவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 330 டிகிரி செல்சியஸில் இருக்கும் செங்கல் தளத்தில் மாவை வைத்தால், கல்லும் மாவும் தொடும் இடத்தில் சூடு சுமார் 210 டிகிரிதான். அதே 330 டிகிரியில் இரும்பு இருந்தால் அந்த இடம் 300 டிகிரியை நெருங்கிவிடும், அடி கரியாகும். இரும்பு சூட்டை ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறது. செங்கல் அளந்து கொடுக்கிறது. கும்மட்டத்தின் கதிர்வீச்சில் மேல்பக்கம் வேகும் வரை அடி கருகாமல் பொறுத்திருப்பது இதனால்தான்.

கிரானைட்டும் கடப்பா கல்லும் வேண்டவே வேண்டாம். திடீர்ச் சூட்டில் செதில் செதிலாகத் தெறிக்கும். ஆற்றுக் கல்லுக்குள் ஈரம் அடைந்திருந்தால் வெடிக்கவே செய்யும்.

“சுவர் கனமாக இருந்தால் சூடு நிற்கும்”

இந்த நம்பிக்கை பேக்கரி அடுப்பிலிருந்து வந்தது. அங்கே அது உண்மையும்கூட. ஊட்டி வர்க்கி சுடும் விறகு அடுப்பையோ யாழ்ப்பாணத்தில் பாண் என்னும் ரொட்டி சுடும் போறணையையோ பார்த்தவர்களுக்குக் கனமான சுவர்தான் கண்ணில் நிற்கும். போறணையில் விறகை எரித்து, தணலை வாரி வெளியே எடுத்துவிட்டு, கல் குடித்து வைத்திருக்கும் சூட்டிலேயே பாண் வேகிறது. அந்தச் சேமிப்புக்குக் கனம் வேண்டும். பீட்சாவோ தீ பக்கத்திலேயே எரியும்போது வேகிறது. 1984இல் நேப்பிள்ஸில் தொடங்கிய பீட்சா சங்கத்தின் விதிப்படி தளம் 380 முதல் 430 டிகிரி, வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி. இதற்கு ஒரு கல் நீளம்கூட வேண்டாம், நாலரை அங்குலச் சுவர் தாராளம். அதற்குமேல் கனம் கூட்டினால் அடுப்பு தயாராகும் நேரம்தான் கூடும். கூடுதல் காசை வெளிப்புறம் போர்த்தும் செராமிக் ஃபைபர் போர்வையில் போடுங்கள். அதை வெட்டும்போது பறக்கும் இழை நுரையீரலுக்குக் கெடுதி என்பதால் நல்ல முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில உண்டு. உள்பக்கம் வெறும் சிமென்ட் கலவை கூடாது. 400 டிகிரியைத் தாண்டினால் கெட்டியான சிமென்டின் கட்டு குலையத் தொடங்கும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, பொடிப்பொடியாக உதிரும். ஃபயர்கிளேயை முக்கியமாக வைத்த கலவைதான் நிற்கும். புகைபோக்கியைக் கும்மட்டத்தின் உச்சியிலோ பின்னாலோ வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; சூடு அத்தனையும் நேராக வானத்துக்குப் போய்விடும். அது வாசலுக்கு வெளியே, முன்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் வாசலின் கீழ்ப்பாதியில் குளிர்காற்று உள்ளே போய், தீ கும்மட்டத்தைத் தடவிக்கொண்டு முன்னால் உருண்டு வந்து, மேல்பாதி வழியாகப் புகை வெளியேறும். வாசலின் உயரம் கும்மட்டத்தின் உள் உயரத்தில் 63 சதவீதம் என்பது அடுப்பு கட்டுபவர்களிடம் வழங்கும் அளவு. உள்ளே 40 செ.மீ. என்றால் வாசல் 25.

“கட்டி முடித்த அன்றே மூட்டிவிடலாம்”

கூடவே கூடாது. கலவைக்குள் இருக்கும் நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. வெளியேற வழியில்லாவிட்டால் சுவரைப் பிளக்கும். சில நாள் நிழலில் காயவிட்டு, பிறகு ஒரு வாரம் தினமும் சின்னத் தீ: முதல் நாள் 100 டிகிரியை ஒட்டி, அடுத்தடுத்த நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இத்தனை பொறுமைக்குப் பிறகும் மயிரிழை விரிசல்கள் வரும். கல் விரிந்து சுருங்குவதால் வருபவை அவை, அதற்காக அடுப்பைக் கெட்டதென்று இடிக்க வேண்டாம்.

அடுப்பு தயாராகிவிட்டதா என்பதைக் கும்மட்டமே காட்டும். தீ மூட்டியதும் உள்பக்கம் கரி படிந்து கன்னங்கரேலென்று ஆகும். ஒரு மணி நேரம் போல எரிந்த பின், உச்சியில் உள்ளங்கையளவு கரி மறைந்து கல்லின் வெளிர்நிறம் தெரியும். அந்த வெளிர்ப்பு மெல்லப் பக்கவாட்டில் இறங்கிப் பரவும். படிந்த கரியே எரிந்துபோகிற சூடு வந்துவிட்டது என்று அர்த்தம். கும்மட்டம் முழுக்க வெளுத்ததும் தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, தளத்தில் ஒரு சிட்டிகை மைதாவைத் தூவிப் பாருங்கள். சில விநாடிகளில் பழுப்பானால் சரியான பதம். விழுந்ததுமே கருகினால் சற்று ஆறவிட வேண்டும்.

விறகு வாசம்தான் பீட்சாவின் ருசி என்பதும் பெரிய அளவில் சரியில்லை. ஒன்றரை நிமிடத்தில் எவ்வளவு புகை ஏறிவிடும்? ருசி அந்தக் கடுஞ்சூட்டில் ஓரம் ஊதிப் புள்ளி புள்ளியாகக் கருகுவதில் இருக்கிறது. ஆகவே மரத்தின் பெயரைவிட அது காய்ந்திருப்பதே முக்கியம். நன்கு உலர்ந்த கருவேலம், சவுக்கு, புளி எதுவும் போதும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்து ஏற்றிய மரம், அரளிக் கட்டை இவற்றை அடுப்பருகே கொண்டுவராதீர்கள். இவற்றின் புகை நஞ்சு. காற்றோட்டமில்லாமல் நாலு பக்கமும் அடைத்த தகரக் கொட்டகையில் அடுப்பு வைப்பதும் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே இல்லை.

இத்தாலிய ‘00’ மாவு இல்லாமல் முடியாது என்பார்கள். அந்த எண் மாவு எவ்வளவு சுத்தமாகவும் நைசாகவும் அரைக்கப்பட்டது என்பதைச் சொல்வது. அதன் வலுவை அல்ல. நல்ல மைதா போதும். சர்க்கரையும் எண்ணெயும் சேர்க்காதீர்கள், இந்தச் சூட்டில் சீக்கிரம் கருகிவிடும். நம் வெயிலுக்கு ஈஸ்ட்டையும் நன்றாகக் குறைக்க வேண்டும்.

அடியில் காப்பில்லாமல் ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் இடிக்கத் தேவையில்லை. தளக் கல் கலவையில்லாமல் பாவியிருந்தால் அதை எடுத்துவிட்டு, ஓரங்குலக் கால்சியம் சிலிகேட் பலகையை விரித்து, அதன் மேல் ஒன்றரை அங்குல ஃபயர் பிரிக் ஓட்டைப் பாவலாம். கல் ஒட்டியிருந்தால் இதையே பழைய தளத்தின் மேல் செய்யலாம். வாசல் உயரத்தில் இரண்டரை அங்குலம் போகும். அதனால் பலகையை வாங்குவதற்கு முன் வாசலை அளந்துகொள்ளுங்கள்.