தாத்தாவின் ரிவால்வர்: எண்ணெய்க்கு முன்னால் காகிதம்

மும்பை திலக் நகரில் வீட்டுவசதி வாரியமான மாடாவின் பழைய கட்டடங்கள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. வீட்டைக் காலி செய்யும்போதுதான் பரண்மேல் கிடந்த தகரப்பெட்டி கீழே இறங்கும். ராணுவத்தில் இருந்த தாத்தாவின் ரிவால்வர் அதில் கிடைக்கலாம். துடைக்கவும் சுட்டுப் பார்க்கவும் கை துறுதுறுக்கும். இரண்டும் இப்போது வேண்டாம். நகையைப் போலத் துப்பாக்கி வாரிசின் கைக்குத் தானாக வந்துவிடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் ஆளுக்குத் தரப்படுவது. ஆள் மறைந்தால் அதுவும் முடிந்தது. தடைசெய்யாத அளவுத் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப்பின் குறைந்தபட்சத் தண்டனை 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. ஆகவே விசையில் விரல் படாமல், குழல்வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, உருளையில் தோட்டா இருக்கிறதா என்று பாருங்கள். திறக்கத் தெரியாதென்றால் தொடவே வேண்டாம். அதைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறாமல், திலக் நகர் காவல் நிலையத்துக்கு முதலில் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். சட்டத்தின் 21ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது; உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமும் ஒப்படைக்கலாம். கூடவே கிடைத்த பழைய தோட்டாக்களும் அங்கேயே போகட்டும்.

“இத்தனை நாள் கழித்துப் போனால் நம்மையே பிடித்து உள்ளே போட்டுவிட மாட்டார்களா?” என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் நாமே எழுதிக் கொடுத்து ஒப்படைப்பதும், சோதனையில் அகப்படுவதும் ஒன்றல்ல. பழைய உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இவற்றோடு, முடிந்தால் ஒரு வழக்கறிஞரையும் அழைத்துச் செல்லுங்கள். “நூறு வருடப் பழசு, இதற்கு எதற்கு உரிமம்?” என்பது இன்னொரு வாதம். 45ஆம் பிரிவு தொல்பொருளுக்கு விலக்குத் தருவது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு மட்டுமே அது பொருந்தும். நல்ல எஃகில் செய்த வெப்லி போன்ற ராணுவ ரிவால்வர் அவ்வளவு எளிதில் அந்த நிலைக்குப் போவதில்லை.

அடையாளம் காண்பதும் அழகுக்காக அல்ல. உரிமத்தின் தலையெழுத்தே அதில் இருக்கிறது. சட்டகத்திலும் குழலிலும் பொறித்த எழுத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மடித்துத் திறக்கும் வெப்லி மார்க் 6, 1915இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது, அதன் அளவு .455. என்ஃபீல்டு நம்பர் 2, 1930களில் வந்த .38. இந்த இரண்டு ராணுவத் தோட்டாக்களில் எதை ஏற்கும் ரிவால்வரும் தடைசெய்த அளவு. மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். .32 என்றால் வழி சற்று லேசு. 2016 ஆயுத விதிகளின்படி வாரிசு விண்ணப்பிக்கலாம்; மும்பையில் உரிமம் தருபவர் காவல் ஆணையர். மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவைத்தால் பாதி அலைச்சல் மிச்சம். உரிமம் கிடைக்காவிட்டாலும், ஒப்படைத்ததை உரிமம் உள்ளவருக்கு விற்கும் உரிமை வாரிசுக்கு உண்டு.

உரிமம் கைக்கு வந்தபின் பராமரிப்பு எளிது. மும்பை மழைக்காலத்தில் தோலுறை ஈரத்தைப் பிடித்து இரும்பை அரிக்கும். உறையிலிருந்து எடுத்துப் பூட்டிய பெட்டியில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒரு பூச்சு போதும், தேங்காயெண்ணெய் வேண்டாம். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள், பொறிப்புகளைத் தேய்த்தால் மதிப்பும் அடையாளமும் சேர்ந்து போகும்.

சுடுவது கடைசி. உருளை ஒவ்வொரு அறையிலும் ஆடாமல் குழலுக்கு நேராக நிற்கிறதா என்று உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவர் சோதிக்க வேண்டும். உருளையை மாற்றியிருக்கிறார்களா என்றும் அவர் பார்க்கட்டும்: அமெரிக்காவில் .45 தோட்டாவுக்காக உருளையைச் செதுக்கிய வெப்லிகள் பல உண்டு; அந்தத் தோட்டாவின் அழுத்தம் பழைய உருளை தாங்குவதற்கு மேல். அளவுக்குரிய புதுத் தோட்டா, கண்ணுக்கும் காதுக்கும் காப்பு, அனுமதி பெற்ற சுடுதளம், பக்கத்தில் பயிற்சியாளர்: இவற்றில் ஒன்று குறைந்தாலும் சுட வேண்டாம்.