பாரதியின் 'கனவு': நிறைவேறாப் பிள்ளைக் காதலும் நினைவுகூரலும்

முன்னுரை

பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், 1910-இல் வெளிவந்த தன்வரலாற்றுக் கவிதை 'கனவு'. இது 'சுயசரிதை' என்னும் பெயராலும் வழங்குகிறது. இதன் 'பிள்ளைக் காதல்' என்னும் பகுதி, பத்து வயதுச் சிறுவன் ஒன்பது வயதுச் சிறுமியிடம் கொண்ட அன்பைக் கூறுகிறது. இப்பகுதி கவிஞரின் வாழ்க்கை வரலாற்றுச் சான்றாக எடுத்தாளப்படுவதுண்டு. ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த நினைவுகூரலாக அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைக்கிளை அன்மை

காமத்திற்குரிய பருவம் எய்தாத இளையாள்மேல் ஒருவன் கொள்ளும், மறுமொழி பெறாத வேட்கையைத் தொல்காப்பியர் கைக்கிளை என்பார். பருவம் நோக்கின் இக்காதலும் அவ்வகையினதாகத் தோன்றும். ஆயின், திருவாதிரை நாளில் சிவன் கோயில் மண்டபத்தில் உரையாடிக்கொண்டிருந்த சிறுமி, இடையே சென்று மை கொணர்ந்து சிறுவனின் நெற்றியில் பொட்டிடுகிறாள். இச்செயலே அவளது மறுமொழி. தாய்வழிப் பாட்டனாரின் சிவபூசை முடிந்தபின் அம்மலர்களைச் சிறுவன் அவளிடம் கொண்டுசெல்வதும், அவள் புன்னகைப்பதும் இதனை உறுதிசெய்கின்றன. எனவே இஃது ஒருதலைக் காமம் அன்று. களவாகத் தொடங்கினும் கற்பாக முடியாத அன்பு எனலே பொருந்தும்.

நினைவில் கலந்த நிகழ்காலம்

நீரெடுக்கச் செல்லும் சிறுமியின் வரவை நாள்தோறும் எதிர்நோக்கும் சிறுவனுக்குக் கவிஞர் கூறும் உவமை சிறப்பாக நோக்கத்தக்கது. தேசபக்தர்களின் வரவைப் பார்த்திருக்கும் அரசின் ஒற்றர்களை அச்சிறுவனுக்கு அவர் உவமையாக்குகிறார். இது பத்து வயதுச் சிறுவனின் அனுபவத்திற்கு உரியதன்று. ஆங்கில அரசின் ஒற்றர்களால் கண்காணிக்கப்பட்ட புதுச்சேரி வாழ்க்கையே இவ்வுவமையைத் தந்துள்ளது. தம்மைத் தொடர்வோரின் செயலைத் தம் இளமைக் காதலுக்கு உவமையாக்கும்போது, பழைய இனிமையும் நிகழ்காலத் துயரும் ஒரே தொடரில் இணைகின்றன. ஆகவே, நினைவுகூரல் கடந்ததை அவ்வாறே மீட்பதன்று. நினைப்பவரின் காலத்தையும் அது உடன்கொண்டு வருகிறது.

பிரிவும் மணமும்

இக்காதல் முறிந்தமைக்கு இருவர் மனமும் காரணம் அன்று. ஆங்கிலக் கல்விக்காகத் தந்தை மகனைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். பின்னர் வேறொரு சிறுமியை மணமுடித்து வைத்தார். காதலுக்குப் பத்தும் மணத்திற்குப் பன்னிரண்டும் வயதாகக் கவிதை எதிரெதிரே நிறுத்துகிறது. ஆனால், 1882 டிசம்பரில் பிறந்த பாரதிக்குச் செல்லம்மாளுடன் திருமணம் நிகழ்ந்தது 1897 ஜூனில் என்பர் வரலாற்றாசிரியர். அப்போது அவருக்குப் பதினான்கு வயது நிறைந்திருந்தது. இவ்வேறுபாடு, கவிதையின் எண்களை நாட்குறிப்பின் எண்களாகக் கொள்ளலாகாது என்பதை உணர்த்துகிறது. தாமே தேர்ந்த அன்பிற்கும் பிறர் விதித்த கடமைக்கும் இடையே காலம் எத்துணைக் குறுகியதாக உணரப்பட்டது என்பதையே அவை புலப்படுத்துகின்றன.

முடிவுரை

வாழ்வெல்லாம் பொய்யாய்க் கழிந்த கனவு என்னும் பட்டினத்தார் கருத்தை முகப்பில் கொண்டது இக்கவிதை. எனினும் நாள், இடம், கை, மை என அக்காதல் தெளிந்த அடையாளங்களுடன் நிற்கிறது. சிறுமியின் பெயர் மட்டும் கூறப்படவில்லை. நிறைவேறாமையால் அவ்வன்பு அழியவில்லை. பின்வந்த கல்வியையும் மணத்தையும் மதிப்பிடும் அளவுகோலாக அது கவிதையில் நிலைபெறுகிறது. எல்லாம் கனவே என்னும் முகப்புக் கருத்திற்குக் கவிதைக்குள்ளிருந்தே எழும் மறுப்பாக இப்பகுதியைக் கொள்ளலாம்.