சுவரும் சித்திரமும்: ரக்பி ஆட்டம் சொல்லும் பாடம்



நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பெரிய பிள்ளைகள் சிலர் என்னைச் சூழ்ந்துகொள்வது வழக்கம். பாடத்தில் சந்தேகம் கேட்க வருகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ரயில், கிரிக்கெட், பரீட்சை என்று எதையாவது கேட்பார்கள். சென்ற மாதம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் முழங்காலில் கட்டுடன் வந்தான். கொல்கத்தா மைதானத்துக்கு ரக்பி ஆடப் போகிறானாம். அவன் கேட்டான்:

"தாத்தா, இங்கிலாந்துல பெரிய பெரிய கிளப்பெல்லாம் இருக்கு. ஆனா உலகக் கோப்பையை ஒரே ஒரு தடவைதான் ஜெயிச்சிருக்காங்க. கிளப் பலமா இருந்தா நாட்டு அணியும் பலமாத்தானே இருக்கணும்?"

அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து படித்தேன், குறிப்பெடுத்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ரக்பி நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம்தான். ஆனாலும் இதில் உள்ள சிக்கல் நம் எல்லோருக்கும் பழக்கமானது.

நம் ஊர் வெள்ளியில் ஒரு கோப்பை

முதலில் ஒரு வியப்பான செய்தி. 1872 கிறிஸ்துமஸ் தினத்தன்று இதே கல்கத்தாவில், இங்கிருந்த ஆங்கிலேயர்கள் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் மறுபக்கமுமாக ரக்பி ஆடினார்கள். அதையொட்டி ஒரு கிளப்பும் தோன்றியது. ஆனால் இந்த வெயிலுக்கு அந்த ஆட்டம் ஒத்துவரவில்லை. டென்னிஸ், போலோ பக்கம் ஆட்கள் போய்விட்டார்கள். சில ஆண்டுகளில் கிளப் கலைந்தது. வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக வாங்கி, உருக்கி, ஒரு கோப்பை செய்து 1878-இல் இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்கு அனுப்பினார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்புகள். மூடியின் மேல் ஒரு யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது இந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான்.

ஒரு கிளப் மறைந்தது. அதன் சேமிப்பு இரண்டு நாட்டு அணிகளின் பரிசாயிற்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிளப்புகள் எல்லாம் மறைந்துகொண்டே போனால், அந்தக் கோப்பைக்கு ஆட ஆள் எங்கிருந்து வரும்? சுவர் இருந்தால்தான் சித்திரம். கிளப் என்பது சுவர். நாட்டு அணி அதன்மேல் எழுதும் சித்திரம்.

இழுபறி எங்கே வருகிறது?

ரக்பி யூனியன் ஆட்டத்தில் பக்கத்துக்குப் பதினைந்து பேர். எண்பது நிமிடம், உடலோடு உடல் மோதும் ஆட்டம். இன்று ஆடிவிட்டு நாளை மறுநாள் மீண்டும் இறங்க முடியாது. ஆகவே ஒரு வீரர் ஓராண்டில் ஆடக்கூடிய ஆட்டங்களுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் சம்பளம் கொடுக்கும் கிளப்பும் பங்கு கேட்கிறது, நாடும் பங்கு கேட்கிறது.

ரயில்வேக்காரன் கண்ணுக்கு இது நன்றாகப் புரியும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு தாய் ஷெட் உண்டு. எஞ்சின் வேறு மண்டலங்களிலும் ஓடும். ஆனால் பராமரிப்புக்குக் குறித்த நாளில் ஷெட்டுக்குத் திரும்பியாக வேண்டும். 'இன்னும் ஒரு வண்டி, இன்னும் ஒரு வண்டி' என்று வெளியிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் நடுவழியில் நின்றுவிடும். அப்போது ஓட்டியவருக்கும் நஷ்டம், ஷெட்டுக்கும் நஷ்டம்.

1995 ஆகஸ்டு வரை ரக்பி யூனியனில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். வீரர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். அந்த மாதம் தடை நீங்கியது. அப்போது யார் சம்பளம் கொடுக்க முன்வந்தார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நாடும் வெவ்வேறு பாதையில் போனது.

இங்கிலாந்து: முதலாளி கிளப்

இங்கிலாந்து ரக்பி சங்கம் 'ஓராண்டு பொறுப்போம்' என்றது. பணக்காரர்கள் பொறுக்கவில்லை. கிளப்புகளை வாங்கி வீரர்களை ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அன்று முதல் வீரருக்கு முதலாளி கிளப். சங்கம் அவரைக் கடன் கேட்கும் நிலை.

2003-இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவை 20-17 என்று வென்று இங்கிலாந்து உலகக் கோப்பையைப் பெற்றது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் ஜானி வில்கின்சன் உதைத்த பந்து இன்றும் பேசப்படுகிறது. ஆனால் மறு ஆண்டே பயிற்சியாளர் கிளைவ் உட்வர்ட் பதவி விலகினார். வீரர்களுடன் போதிய நாள் கிடைக்கவில்லை என்பது அவருடைய மனக்குறைகளில் முக்கியமானது. 2015-இல் சொந்த மண்ணில் நடந்த போட்டியில் இங்கிலாந்து முதல் சுற்றைக்கூடத் தாண்டவில்லை.

அப்படியானால் கிளப்புகளாவது செழித்தனவா? அதுவும் இல்லை. 2022-இல் வொர்செஸ்டர், வாஸ்ப்ஸ், 2023-இல் லண்டன் ஐரிஷ் என மூன்று கிளப்புகள் கடனில் மூழ்கின. இவற்றில் வாஸ்ப்ஸ் 1867-இல் பிறந்தது. ஐரோப்பியக் கோப்பையை இருமுறை வென்றது. பதின்மூன்று அணிகள் இருந்த முதல்தர லீக் பத்தாகச் சுருங்கியது.

கிளப் பலத்தால் நாட்டுக்கு நன்மையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சாரசென்ஸ் கிளப் 2016, 2017, 2019 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 2019 உலகக் கோப்பை இறுதிக்கு வந்த இங்கிலாந்து அணியின் முதுகெலும்பும் அந்த கிளப்பின் வீரர்கள்தாம். ஆனால் சம்பள வரம்பை மீறியதற்காக அதே கிளப்புக்கு 53.6 லட்சம் பவுண்டு அபராதமும் 35 புள்ளி இழப்பும் விதிக்கப்பட்டன. கடைசியில் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. வரவுக்கு மீறிய செலவில் வந்த பலம் நிலைக்கவில்லை.

2024-இல்தான் சங்கமும் கிளப்புகளும் எட்டாண்டுக்கு 26.4 கோடி பவுண்டு மதிப்பில் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 25 வீரர்கள் வரை சங்கத்துடனும் தனி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இருபத்தொன்பது ஆண்டு இழுபறிக்குப் பின் பாதி வழியில் சந்தித்திருக்கிறார்கள்.

அயர்லாந்து: முதலாளி சங்கம்

அயர்லாந்துத் தீவின் மக்கள் தொகை சுமார் 70 லட்சம். நம் கல்கத்தா பெருநகரப் பகுதியின் மக்கள் தொகையே அதைவிட அதிகம். அங்கே லெய்ன்ஸ்டர், மன்ஸ்டர், அல்ஸ்டர், கானாக்ட் என நான்கு மாகாண அணிகள். அவை சங்கத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவை. முக்கியமான வீரர்களுடன் சங்கமே நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்கிறது. யார் எந்த வாரம் ஆடுவது, யாருக்கு எப்போது ஓய்வு என்பதில் சங்கத்தின் கை ஓங்கியிருக்கும். எஞ்சினும் ஷெட்டும் ஒரே நிர்வாகத்தில் இருப்பது போல.

பலன் கிடைத்தது. 2009, 2018, 2023 ஆண்டுகளில் ஆறு நாடுகள் போட்டியின் ஐந்து ஆட்டங்களையும் வென்றார்கள். 2022-இல் நியூசிலாந்து மண்ணிலேயே தொடரை 2-1 என்று கைப்பற்றினார்கள்.

ஆனால் மையத்தில் அதிகாரம் இருந்தால் மையத்திலேயே தவறும் நேரலாம். 2003-இல் செலவைக் குறைக்க, நான்கில் மிகச் சிறியதான கானாக்ட் அணியை மூடிவிடலாமா என்று சங்கம் யோசித்தது. ரசிகர்கள் டப்ளின் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். அணி பிழைத்தது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 2016-இல், அதே கானாக்ட் லெய்ன்ஸ்டரை வீழ்த்தி லீக் பட்டத்தை வென்றது. அந்த ஆண்டு நவம்பரில் சிகாகோவில் அயர்லாந்து தன் வரலாற்றில் முதன்முறையாக நியூசிலாந்தை 40-29 என்று தோற்கடித்தபோது, வெற்றியை உறுதிசெய்த கடைசி 'டிரை'யைப் போட்ட ராபி ஹென்ஷா அந்தக் கானாக்ட்டில் வளர்ந்தவர். மூடியிருந்தால்?

இன்னொரு குறையும் உண்டு. 2023 உலகக் கோப்பைக்குப் போன வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் லெய்ன்ஸ்டர்காரர்கள். ஒரே சுவரில் இத்தனை பாரத்தை ஏற்றலாமா என்பது மற்ற மாகாணங்களின் கேள்வி. 1987 முதல் 2023 வரை நடந்த பத்து உலகக் கோப்பைகளில் அயர்லாந்து ஒருமுறைகூட அரையிறுதியை எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிரான்ஸ்: வளர்ப்பைக் கணக்கிடும் விதி

பிரான்சில் கிளப் என்றால் ஊர்ப் பெருமை. பணமும் அதிகம். துலோன் கிளப் உலகெங்கிலுமிருந்து நட்சத்திரங்களை விலைக்கு வாங்கி 2013, 2014, 2015 என மூன்று முறை தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அதே 2015 அக்டோபரில் உலகக் கோப்பைக் காலிறுதியில் நியூசிலாந்திடம் பிரான்ஸ் 62-13 என்று தோற்றது. பையனின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. கிளப்பின் பலம் வெளியிலிருந்து வாங்கிய பலமாக இருந்தால் அது நாட்டுக்கு வந்து சேராது.

அவர்கள் கண்ட மருந்து சுவையானது. இளம் வயதில் பிரெஞ்சுப் பயிற்சிப் பள்ளிகளில் சில ஆண்டுகள் வளர்ந்தவர்கள் ஒவ்வொரு அணியிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பது விதி. பாஸ்போர்ட் எந்த நாடு என்பது கேள்வி இல்லை. எங்கே வளர்ந்தாய் என்பதே கேள்வி. அந்த எண்ணிக்கையைப் படிப்படியாக உயர்த்தினார்கள். கிளப்புகள் பிள்ளைகளை வளர்ப்பது லாபம் என்று கண்டன. 2018, 2019, 2023 ஆண்டுகளில் இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் பிரான்சுக்கு வந்தது. 2022-இல் ஆறு நாடுகள் போட்டியில் ஐந்துக்கு ஐந்து வெற்றி.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2025 ஜூலையில் நியூசிலாந்துக்குப் போனபோது, நீண்ட லீக் பருவத்தால் களைத்த முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்து, இளைஞர்களை அனுப்பினார்கள். மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. தெரிந்தே கொடுத்த விலை அது.

தெற்கே இரு வழிகள்

நியூசிலாந்து, உள்நாட்டில் ஆடுபவருக்கே கறுப்புச் சட்டை என்கிறது. 2011, 2015 உலகக் கோப்பைகளை அடுத்தடுத்து வென்றது. தென்னாப்பிரிக்காவால் வெளிநாட்டுச் சம்பளத்தோடு போட்டியிட முடியவில்லை. 'எங்கே வேண்டுமானாலும் ஆடு, கூப்பிட்டால் வா' என்று வழிவிட்டது. 2019, 2023 கோப்பைகள் அதற்குக் கிடைத்தன. நேர் எதிரான இரு வழிகள், இரண்டிலும் வெற்றி! ஆனால் இரு நாட்டிலும் அடித்தளம் ஒன்றே: பள்ளிக்கூட ரக்பி. சுவர் அங்கே பள்ளியிலேயே எழும்பிவிடுகிறது.

என் சொந்த அனுபவம்

நான் தண்டவாளப் பராமரிப்பு இன்ஸ்பெக்டராக இருந்த காலம். என் பிரிவில் ஒரு கேங்மேன், இருபத்திரண்டு வயது, கபடியில் சூரன். மண்டல அணித் தேர்வு முகாமுக்கு அவனை விடுவிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. மழைக்காலம். கரை சரியும் இடத்தில் இரவும் பகலும் காவல் போட வேண்டும். எனக்கு ஏற்கெனவே மூன்று ஆள் குறைவு. 'ஆள் பற்றாக்குறை, பிறகு அனுப்பப்படும்' என்று குறிப்பெழுதிக் கடிதத்தைப் பதினோரு நாள் வைத்துக்கொண்டேன். அவன் போய்ச் சேர்ந்தபோது தேர்வு முடிந்திருந்தது. அடுத்த ஆண்டு அவனுக்கு அழைப்பு வரவில்லை.

"பரவாயில்லை சார்" என்றான். அவ்வளவுதான்.

தண்டவாளத்தைக் காத்தது தவறில்லை. அது என் கடமை. ஆளைக் கேட்ட அலுவலகம், அவனுக்குப் பதில் ஓர் ஆளைத் தரவில்லை என்பதும் உண்மை. ஆனால் பக்கத்துப் பிரிவு இன்ஸ்பெக்டரிடம் இரண்டு ஆள் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அந்தப் பதினோரு நாளும் நான் என் பிரிவை மட்டுமே நினைத்தேன். இன்று ரக்பி கிளப் முதலாளிகளைப் பற்றிப் படிக்கும்போது அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கற்றுக்கொள்ள வேண்டியவை

1. ஆளை விடும் நாட்களை ஆட்டம் தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டால் சண்டைதான்.

2. ஆளைக் கொடுப்பவனுக்கு ஈடு கொடுக்க வேண்டும். பதில் ஆள் இல்லாமல் நல்ல மனம் மட்டும் போதாது.

3. வளர்ப்பவனுக்கு வெகுமதி வேண்டும்; வாங்குபவனுக்கு மட்டும் அல்ல.

4. ஓய்வையும் ஆட்டத்தைப் போலவே அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

5. சிறிய சுவரை இடித்துப் பெரிய சுவரை உயர்த்தக் கூடாது. அடுத்த சித்திரம் எதில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

நம் நாட்டிலும் 2025 ஜூனில் மும்பையில், அணிக்கு எழுவர் ஆடும் ரக்பி லீக் முதன்முறையாக நடந்தது. ஆறு அணிகள், வெளிநாட்டு வீரர்களும் நம்மவர்களும் சேர்ந்து ஆடினார்கள். சென்னை புல்ஸ் அணி கோப்பையை வென்றது. நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் லீக் நடப்பது சில வாரம். மீதி மாதங்களில் பிள்ளைகளுக்குப் பந்து கொடுத்துச் சொல்லிக்கொடுப்பது மைதானத்துச் சிறு கிளப்புகள். நம் பையனின் முழங்காலுக்குக் கட்டுப் போட்டதும் அப்படி ஒரு கிளப்தான்.

பிள்ளைகள் சிந்திக்க

(அ) உன் பள்ளி அணிக்கும் மாநில அணிக்கும் ஒரே நாளில் ஆட்டம் வந்தால் எதற்குப் போவாய்? ஏன்?

(ஆ) நீ பள்ளி அணியின் பயிற்சியாளராக இருந்தால் அதே கேள்விக்கு என்ன பதில் சொல்வாய்?

(இ) இரண்டு பதிலும் வேறுபட்டால், இருவரும் ஒப்புக்கொள்ளும்படி ஒரு விதி எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வா.